படகு வந்தால்தான் வீடு

அன்புள்ள குவெண்டாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் குட்டிப் பையன் இலியேசா இப்போதுதான் கண்ணயர்ந்தான். மறுபடியும் நெஞ்சில் இரைப்பு. ஒரு காது அவன் மூச்சின்மேல்தான் இருக்கிறது.

கைக்குழந்தைகளின் இரைப்புக்கு உப்புநீர் ஆவி கொடுத்தால் ஆஸ்பத்திரி நாட்கள் குறையுமா என்று பல ஊர்க்காரர்கள் செய்து, நாம் ஒன்றாகத் தொகுக்கும் ஆய்வுகளில், உங்கள் பிரிஸ்பேன் போன்ற ஊர்களில் குறைந்திருக்கிறது. எங்கள் கடாவுத் தீவில் மட்டும் குறையவில்லை. "உங்க ஊரு மத்ததோட ஒட்டவே மாட்டேங்குது வசிதி. ஒண்ணு தூக்கிடுவோம், இல்லாட்டி சேத்துப்போட்டு சராசரி எடுத்துடுவோம்" என்று போனில் சொன்னாய். எனக்கு மனசு ஆறவில்லை.

போன மாதம் இவனோடு வார்டில் கிடந்தேன் அல்லவா? மூச்சு சீராகி, பாலும் குடித்தான். ஆனாலும் அங்கேயேதான் இருந்தோம். நர்ஸ் லைசானி தலையணை உறையை மாற்றிக்கொண்டே, "ஒம் பையனுக்கு எப்பவோ சரியாப்போச்சு. படகுக்குத்தான் இன்னும் சரியாகல" என்று சிரித்தாள். உங்கள் ஊரில் குழந்தை தேறிய அன்றே காரில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே படகு வந்தால்தான் வீடு. அந்த ஆய்வு எண்ணியது நோயை அல்ல, படகுக்குக் காத்திருந்ததை.

அதனால் தூக்கவும் வேண்டாம், சராசரியில் கரைக்கவும் வேண்டாம். நாட்கணக்கைத் தனியே வைத்து, ஏன் என்று எழுதுவோம். எல்லா ஆய்வுகளிலும் ஆக்சிஜன் குழாயை எடுத்த நேரம் இருக்கிறது. அது படகுக்குக் காத்திருப்பதில்லை; அதை ஒப்பிடலாம். முதலில் போட்ட திட்டத்தில் இது இல்லை. பாதி வழியில் மாற்றினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

கடாவு ஆய்வில் அந்த நேரங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் வாதாடுவது ஆய்வு செய்கிற வசிதியா, இலியேசாவின் அம்மாவா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். நீ சம்மதித்து, திட்டத்தில் மாற்றத்தை எழுதிய பிறகுதான் திறப்பேன்.

காலையில் படகு இருக்கிறது, இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். படித்தவள் என்று டாக்டர் என்னிடமே கேட்பார், உப்புநீர் கொடுக்கலாமா என்று. உன் பதில் வராவிட்டால் அந்தக் கடைசிப் பக்கம் அப்போதும் மூடியேதான் இருக்கும். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

சீக்கிரம் பதில் எழுது.

உன்
வசிதி