மடக்குக் கட்டிலின் ஆணி கழன்றது பற்றி

அனுப்புநர்:
சின்னாயி, க/பெ முத்தன்,
மேல்பாறைப்பட்டி, ஆலத்தூர் நாடு,
கொல்லிமலை.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கலெக்டர் அவர்கள்,
சேலம்.

பொருள்: நோயாளிகளைத் தூக்கும் மடக்குக் கட்டிலை மறுபடி சோதிக்கவும், என் கணவர் மீதுள்ள பழியை நீக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு லாரி வராது. நோயாளிகளையும் பிரசவப் பெண்களையும் மூங்கிலில் கம்பளி கட்டிய டோலியில்தான் அடிவாரத்துக்கு இறக்குகிறோம். என் அக்காள் முனியாயி அப்படி இறக்கும்போது பாதி வழியிலேயே இறந்துபோனாள்.

2. சென்ற மாசியில், மிளகு பறிப்பு முடிந்த சமயம், இன்ஜினீயரிங் காலேஜ் மாணவர்கள் நால்வர் தங்கள் வாத்தியாரோடும் பிளாக் ஆபீஸ் ஓவர்சீயரோடும் வந்தார்கள். மலைப்பாதைக்கு ஏற்ற புது டோலி ஒன்றை வரைந்து செய்வது அவர்களுடைய பரீட்சை வேலை. அதற்குமுன் இப்போது புழக்கத்தில் இருப்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்கள் டோலி, ஆஸ்பத்திரியின் கித்தான் ஸ்ட்ரெச்சர், வியாபாரி ஒருவர் மாதிரிக்குக் கொடுத்த இரும்பு மடக்குக் கட்டில் ஆகிய மூன்றிலும் ஒரே ஆள் படுத்து இறங்க வேண்டும் என்றார்கள். அர்த்தனாரி என்ற மாணவர், "அக்கா, நீங்க சும்மா படுத்திருந்தாப் போதுங்க. எது நல்லா இருந்துச்சுன்னு கடைசில சொல்லுங்க" என்று கேட்டார். அக்காளை நினைத்துச் சம்மதித்தேன். என் கணவரும் ஊர் ஆட்களும் தூக்கினார்கள்.

3. எங்கள் டோலியில் முதுகு வளைந்து மூச்சு முட்டியது. ஸ்ட்ரெச்சரில் சரிவு வந்ததும் கால்பக்கமாக வழுக்கினேன். மாணவர்கள் கயிறு கட்டிப் பிடித்தார்கள். மடக்குக் கட்டில்தான் சுகமாக இருந்தது. அதையே நல்லது என்று சொல்லத்தான் எண்ணியிருந்தேன்.

4. இறக்கத்தில் இரண்டாவது திருப்பத்தில் என் வலது முழங்கை ஓரம் ஏதோ அசைந்தது. கட்டில் மடங்கும் மூட்டில் இருந்த ஆணி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. "ஆணி வருதுங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். முன்னால் தூக்கியவர்கள் நிற்பதற்குள் ஆணி கழன்று விழுந்தது, கட்டில் மடங்கியது. தலைமாட்டைப் பிடித்திருந்த என் கணவரின் கையிலிருந்து பிடி பிய்த்துக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான். நான் பாறைமேல் விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. எங்கள் டோலியிலேயே அடிவாரம் இறக்கி, லாரியில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது ஒரு கால் குட்டை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை.

5. ஆஸ்பத்திரிக்கு வந்த ஓவர்சீயர், தலைமாட்டில் பிடித்தவன் கையை விட்டதால்தான் நான் விழுந்தேன் என்று எல்லோர் முன்பும் சொன்னார். வாத்தியார் மறுக்கவில்லை. அர்த்தனாரி மட்டும் தனியாக வந்து, "மூணுல அந்த மடக்குக் கட்டிலுக்குத்தான் மொதலிடம்னு முடிவு பண்ணிட்டாங்க அக்கா. நான் பின்னால வந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். தலை குனிந்தபடி போனார், பிறகு வரவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மூன்றிலும் படுத்தவள் நான். எது எப்படி இருந்தது என்று அவரைத் தவிர இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

6. அதே மாதிரி மடக்குக் கட்டிலை எங்கள் மலையிலுள்ள எல்லா நாடுகளுக்கும் வாங்கப்போவதாகக் கேள்வி. பைல் நாட்டுக்கு ஒன்று வந்தும்விட்டது. அதில் பிள்ளைத்தாய்ச்சி யாரையாவது ஏற்றிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

7. ஐயா, இனி எழுதச் சொல்வது என் வீட்டுச் சங்கதி. முன்பெல்லாம் ஊரில் யாருக்கு நோவு என்றாலும் முதலில் என் கணவரைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் பக்கத்து வீட்டு மயிலம்மாளுக்கு வலி கண்டபோது வேறு ஆட்களை அழைத்தார்கள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி கழன்றதை நான் எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை. "எங்கையிதாம் புள்ள உட்டுருச்சு. என்னையக் காப்பாத்தறதுக்கு நீ பொய் சொல்ற" என்கிறார். என் கால் வலியைவிட இதுதான் பொறுக்க முடியவில்லை. ஓவர்சீயர் சொன்னதை நம்பியவர், தாங்கள் சொன்னால் நம்புவார்.

8. ஆகவே, அந்தக் கட்டிலைக் கொண்டுவந்து, ஊரார் முன்னிலையில், அதே இறக்கத்தில் மறுபடி தூக்கிப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை வேறு கட்டில் வாங்காமல் நிறுத்திவைக்க வேண்டும். ஆணி கழலாவிட்டால் நான் பொய் சொன்னதாகவே எழுதிக்கொள்ளலாம். கட்டிலில் இம்முறை ஆளுக்குப் பதில் மணல் மூட்டை வைத்தால் போதும். தலைமாட்டுப் பிடி மட்டும் என் கணவர் கையிலேயே இருக்கட்டும்.

இடம்: மேல்பாறைப்பட்டி
தேதி: 14-6-1960

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சின்னாயி (இடது பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்ல எழுதி, அவருக்குப் படித்துக் காட்டியவர்: மாதேஸ்வரன், பள்ளி ஆசிரியர்.