ஜெர்மன்காரனுக்கு மட்டும் படித்த பாடம்

உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டுரியான் வாடை வந்துவிட்டது. இன்று உங்கள் ஆட்களின் பழப் படையல். செத்துப்போனவர்களுக்குப் பிடித்த பழங்களை இலையில் வைத்து அவர்களைக் கூப்பிடும் நாள். நீ போன பிறகு வரும் முதல் படையல் என்பதால் உன் மாமியார் ஆளனுப்பி என்னையும் வரச் சொல்லியிருந்தார். கூடத்தில் வாழை இலைகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. இது மாமனாருக்கு, இது பெரிய நாத்தனாருக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவர் கடைசி இலைக்கு முன்னால் நின்றார். உன் இலை. நடுவில் பிளந்து வைத்த டுரியான், மஞ்சள் மஞ்சளாகச் சுளைகள்.

"அவளுக்கு இதுன்னா உயிர். முதல் பழம் உடைச்சா அவளுக்குத்தான் கொடுப்பேன்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. உன் மேல்தான்.

அடிப்பாவி, டுரியான் என்றாலே உனக்குக் குமட்டுமே! ஆபீஸ் டிரைவர் தன் மாமனார் தோட்டத்துப் பழம் என்று ஆசையாகக் கொண்டுவந்து உடைத்த அன்று, சிரித்துக்கொண்டே இரண்டு சுளை தின்றாய். பிறகு பின்பக்கக் கால்வாய் ஓரம் குனிந்து அத்தனையையும் வாந்தி எடுத்தாய். உன் தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். "யார்கிட்டயும் சொல்லிடாதே, காக். பாவம், அவரு மனசு கஷ்டப்படும்," என்றாய். அக்கா என்பதை நீ 'காக்' என்றுதான் சொல்வாய். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்ணுக்கு வாயில் வருவது மலாய்தான். இந்த மடலை நீ உயிரோடு இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய். போகட்டும். திட்டுவதற்கு எனக்குத் தமிழ்தான் தோதுப்படும்.

இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பிராணி போடும்வரை காத்திருந்தேன். காத்திருக்கும்போது அந்த வகுப்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரங்களை இனி ஜெர்மனியிலிருந்து நேராகத் தருவித்து விற்கலாம் என்று நம் முதலாளிக்கு ஒரு யோசனை. அந்த ஜெர்மன் கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார், திருப்தியானால் ஏஜென்சி நமக்கு. அதற்கு முன்னால் ஆபீஸ் ஆட்களுக்கு ஜெர்மன்காரனோடு பழகக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு கிழட்டுத் துரையைப் பிடித்தார்கள். சண்டை முடிந்ததும் பட்டாளத்தோடு ஜெர்மனியில் கொஞ்ச காலம் இருந்தாராம், அதனால் அவர் நிபுணர். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வீட்டுக்குப் போகும் நேரத்தில் நாம் மட்டும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்போம்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்காரு. கையை அழுத்திக் கொடு, பெண்களும் கொடுக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டாதே, அது ஆமாவா இல்லையா என்று அவனுக்குப் புரியாது. இதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. கடைசிப் பாடத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டோம். முடியாததை முடியாது என்று சொல்ல வேண்டும்! நம் ஊரில் யார் எதைக் கேட்டாலும் 'போலே, போலே' என்போம். முடியும் என்று அர்த்தம், ஆனால் முடியும் என்ற நினைப்பில் யாரும் சொல்வதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை. ஜெர்மன்காரன் நம்பிவிடுவான் என்றார் துரை. நம்பி எழுதிக்கொள்வான், பிறகு வந்து கேட்பான்.

ஒவ்வொருவராக எழுந்து நின்று துரையின் முகத்தைப் பார்த்து 'நோ' சொல்ல வேண்டும். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி 'நோ' என்றார், அடுத்த மூச்சில் 'சாரி சார்' என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாயே தவிர சொல்லவில்லை. நான்தான் உன்னை விடவில்லை. சைக்கிளில் தெங்கேரா சாலையில் போகும்போது நான் எதையாவது கேட்பேன், நீ 'தாக் போலே!', முடியாது, என்று கத்த வேண்டும். கடலைப் பார்த்துக் கத்தினாய். ரோட்டோரத்து மீன்காரர் நம்மைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கடைசி வகுப்பில் நிமிர்ந்து நின்று, "நோ. வீ கெனாட்," என்றாய். துரை மேசையைத் தட்டினார். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அந்த வகுப்புக்கு வராத ஒரே ஆள் முதலாளி. ஏற்பாடு செய்தவர் அவர். பக்கத்து அறையில் காற்றாடிக்குக் கீழே கால்நீட்டிப் படுத்திருந்தவரும் அவர்தான். "எனக்கு எதுக்குமா அதெல்லாம்? நான் பேசாத வெள்ளைக்காரனா?" என்பார்.

ஜெர்மன்காரர் வந்தார். நெட்டையாக, சிரிக்காமல், சொன்ன நேரத்துக்குச் சரியாக. பேச்சு நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். மழைக்காலத்தில் கிளந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இயந்திரம் உடைந்து நின்றால், ஒரு வாரத்துக்குள் உதிரிச் சாமான் போய்ச் சேருமா? "கேன், கேன், நோ பிராப்ளம்!" என்றார் முதலாளி. ஜெர்மன்காரர் எழுதிக்கொண்டார். பிறகு, ஸ்டோர் கணக்கு உன் பொறுப்பு என்று யாரோ சொல்லியிருந்ததால், உன் பக்கம் திரும்பி அதையே கேட்டார்.

வெள்ளம் வந்தால் அந்தப் பக்கம் ரயிலும் இல்லை, ரோடும் இல்லை. இது டிரைவருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், முதலாளிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எழுந்து நின்றாய். "நோ, சார். வீ கெனாட்," என்றாய். மழைக்கு முன்னாலேயே சாமானை அங்கே கொண்டுபோய் வைத்தால்தான் முடியும் என்றும் சொன்னாய். அந்த மனிதர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். முன்னால் எழுதியதை அடித்துவிட்டு, நீ சொன்னதை எழுதினார். போகும்போது உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கார் தெருமுனை திரும்பியிருக்காது, முதலாளி ஆரம்பித்துவிட்டார்.

"வந்தவன் முன்னால என் மூஞ்சில கரியப் பூசிட்டியே! யாரு உன்னக் கேட்டா?"

"அவருதான் கேட்டாரு, துவான்."

"நாளைலேருந்து வர வேணாம்."

நான் சும்மா இருக்கவில்லை. "இப்படிப் பேசச் சொல்லி வகுப்பு வச்சதே நீங்கதானே முதலாளி?" என்று கேட்டேன். "அது வெள்ளைக்காரனுக்காக வச்சது. அதுக்குன்னு என்னைய எதிர்த்துப் பேசுறதா? நீ உன் வேலையப் பாரு லா!" என்றார். சண்டை போட நான் வாயைத் திறப்பதற்குள், நீ உன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாய். "தாக் அபா, காக்." பரவாயில்லையாம்! அப்பாவுக்குக் கண் தெரியாது, தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில், வீட்டில் சம்பாதிப்பவள் நீ ஒருத்தி. எது பரவாயில்லை?

ஏஜென்சி நமக்கே கிடைத்தது. முதலாளி விருந்து வைத்தார். நீ வீட்டில் உட்கார்ந்து ஊரார் கெபாயாச் சட்டைகளுக்குப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாய். நீங்கள் இருக்கும் காஜா பெராங்குக்கு ஆத்திரம் கொண்ட யானை என்று அர்த்தம் சொல்வார்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் உனக்கு ஒரு பொட்டு ஆத்திரம் வரவில்லை. வாரா வாரம் நான் வந்து உன் பங்குக்கும் சேர்த்துக் கத்திவிட்டுப் போவேன். நீ சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாய்.

அடுத்த வருஷம் ஜெர்மன்காரர் மறுபடி வந்தார். உட்கார்ந்ததும் உன்னைத்தான் கேட்டார். "அந்தப் பொண்ணா? கல்யாணம் ஆயி வேற ஊருக்குப் போயிருச்சு," என்று கூசாமல் சொன்னார் முதலாளி. ஜெர்மன்காரர் என்னைப் பார்த்து, அவளைப் பார்த்தால் என் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்றார். எழுந்து நின்றேன். "நோ, சார். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உங்களுக்குப் பதில் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்," என்றேன். ஜெர்மன்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் திரும்பி வந்த பிறகு மற்றதைப் பேசலாம் என்று சொல்லிவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே காஜா பெராங்குக்கு முதலாளியின் கார் வந்தது. நீ கேட்டிருந்தால் எதையும் கேட்டிருக்கலாம். முதலில் ஒரு மன்னிப்பு, பிறகு மேசை, பதவி, எது வேண்டுமானாலும். நீ பவுடர் பூசிக்கொண்டு, அதே டிபன் கேரியரோடு வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தாய். "பழசெல்லாம் மறந்துரு," என்றார் அவர். மன்னிப்பு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "தாக் அபா, துவான்," என்றாய்.

மாடிப்படியில் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். உனக்காக நான் என் வேலையை நெருப்பில் வைத்தேனே, ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாயில்லையா, அந்த மலை மாதிரி ஜெர்மன்காரனிடம் 'நோ' சொன்ன வாய்தானே இது என்று கத்தினேன். நீ என்னைப் பாவம் போலப் பார்த்தாய்.

"அது ஜெர்மன்காரனுக்குப் படிச்சது, காக். நம்ம ஆளுங்களுக்கு இல்ல."

அந்த மாதத்தோடு நான் அந்த வேலையை விட்டேன். உன்னோடு கொஞ்ச நாள் பேசவும் இல்லை. ஆனால் நீ சொன்னது போலவே வாழ்ந்தும் காட்டினாய். பெண் பார்க்க வந்தவர்களுக்கு 'போலே'. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னதற்குப் 'போலே'. மாமியார் ஆசையாக நீட்டிய டுரியானுக்கு, வருஷா வருஷம், சிரிப்பு. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாய். நான் கேட்டதற்கு, "காத்துப் பூந்துருச்சு, காக், ஒண்ணுமில்ல," என்றாய். புருஷனுக்கும் அதே பதில், மாமியாருக்கும் அதே. வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, வலிக்கிறது என்று இவர் முன்னமே சொல்லவில்லையா என்று டாக்டர் எங்களைத் திட்டினார். அந்த டாக்டர் ஒரு ஜெர்மன்காரராக இருந்து, நேராக உன்னையே முதலில் கேட்டிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பாயோ என்னவோ!

இன்று சாம்பிராணிக்குத் தணல் வந்துவிட்டது. உன் மாமியார் கைகூப்பி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போனார். இன்னொரு தடவை நீ சிரித்துக்கொண்டே அதைத் தின்னப்போகிறாய் என்று எனக்குத் தோன்றியது. படையலில் வெளியாள் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

"அம்மா, அதை எடுத்துடுங்க. அவளுக்கு டுரியான் பிடிக்காது," என்றேன்.

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். உன் புருஷன் முகம் இறுகிவிட்டது. "இத்தன வருஷம் என் கையால சாப்பிட்டாளே," என்றார் மாமியார்.

"சாப்பிட்டா. பிடிச்சுச் சாப்பிடல."

அந்த அம்மாள் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து டுரியானை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்து, உன் இலையில் மங்குஸ்தான் பழங்களை வைத்தார். அதற்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது தன் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ இருபது பேரிடம் சொல்ல வேண்டிய 'இல்லை' எல்லாம் என் ஒருத்தியிடம்தானே விட்டுவிட்டுப் போனாய். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"இன்னும் என்னென்னம்மா அவளுக்குப் பிடிக்காது?" என்று கேட்டார்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.