அப்பாவின் குடிலில் கேட்டேன்

பெரியகல்லாறு
ஆவணி, 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவைத் திருகோணமலைக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதும்போதெல்லாம், அவர் வரமாட்டார் என்றே பதில் போட்டேன். அவரை நான் கேட்டதேயில்லை. முன்பு சண்டையைச் சாட்டினேன். இப்போது பாதையும் திறந்துவிட்டது. அவருடைய கால்புண் ஆறவில்லை. அங்கே என்றால் அண்ணி தாதி, நன்றாகப் பார்ப்பா.

அதனால் நேற்றுச் சோறு போடும்போது கேட்டேன். "உன்ட வீடு புள்ள. நீ சொல்றதுதான்" என்றார்.

இந்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டுப் பின்வளவுக் குடிலுக்குப் போன நாளிலிருந்து அவர் அப்படித்தான். தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டாலும் வாய் திறக்கமாட்டார். சுனாமியில் கடல் வந்து என்னுடையவர்களைக் கொண்டுபோன பிறகு, இத்தனை அறைகளிலும் நான் ஒருத்திதான் என்று ஆனபோதும், உள்ளே வந்து படுக்கவில்லை.

இன்று காலை அவருடைய குடில் வாசலில் போய் நின்றேன். "அப்பா, உள்ள வரட்டா?" என்றேன். ஊராள் வந்ததுபோல் பாய் விரித்தார், வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். அங்கே வைத்துத் திரும்பக் கேட்டேன்.

"போகத்தான் ஆசை புள்ள," என்றார், யோசிக்காமலே. "பேரப்புள்ளையள்ற சத்தம் கேக்கணும் போல கிடக்கு."

எனக்கும் அப்படித்தான் கிடக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சாரன்களைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். இந்த ஞாயிறே வந்து கூட்டிப்போங்கள். பிந்தினால், அவர் வரமாட்டார் என்று மறுபடியும் எழுதிவிடுவேன்.

வீட்டில் இருக்கும்,
உங்கள் தங்கச்சி