டெலியாவின் வரிசை

1879 அக்டோபர் 4, சனிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. உன் வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டு பருத்திச் செடி. அத்தனையும் வெடித்து நிற்கிறது.

இன்னும் பார்க்காத என் அக்கா டெலியாவுக்கு, மிசிசிப்பியிலிருந்து தம்பி அமோஸ் எழுதுவது. பண்ணை முதலாளி உன்னை விற்றபின் பிறந்தவன் நான். இங்கே எல்லோரும் நலம், ஆனால் ஒருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

போன ஞாயிறு, பத்திரிகையில் வந்த உன் தேடல் அறிவிப்பைப் போதகர் சர்ச்சில் வாசித்தார். வாராவாரம் இப்படி யாரோ யாரையோ தேடுவார்கள். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "ஒன்பது வயதில் என்னை டெக்சாசுக்கு விற்றார்கள். தாய் பெயர் ஹெஸ்டர், இடது காதுமடல் கிழிந்திருக்கும்" என்று வந்ததும் அம்மா எழுந்து நின்றாள். அழவில்லை. "நான்தான். மேல வாசிங்க" என்றாள். அழுதது அப்பா.

உன் அறிவிப்பின் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. என்னை மறந்திருப்பார்கள், உயிரோடு இருப்பதாகச் சேதி வந்தால் போதும், அங்கே வந்து பாரமாக இருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். தப்பு. எப்படித் தப்பு என்று சொல்கிறேன்.

நம் நிலத்தில் பிள்ளைக்கொரு வரிசை. விதை போடும்போதே அம்மா பெயர் சொல்லி விடுவாள். அவரவர் வரிசையை அவரவர்தான் பறிக்கணும். கிணற்றோரம் முதல் வரிசை உன்னுடையது. அடிமைகளுக்கு விடுதலை வந்தபிறகு நிலம் குத்தகைக்கு எடுத்த நாளிலிருந்து அதில் யாரும் கைவைத்ததில்லை. வெடிக்கும், மழையில் கறுக்கும், உதிரும். மறுவருஷம் திரும்ப விதைப்பாள்.

நான் நீராவி இயந்திரம் படித்தவன், பருத்தி அரவை ஆலையில் வேலை பார்க்கிறவன். நல்ல பஞ்சு கண்ணெதிரே வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? போன வருஷம் பையோடு இறங்கிவிட்டேன். "அது அவ வரிசைடா. தொட்டே, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்றாள். வராத ஆளுக்கு எதற்கு வரிசை என்று கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வெறும் சோளரொட்டி, கறி கிடையாது.

இப்போது தெற்கே மேகம் கட்டுகிறது. ஒரே மழையில் எல்லாம் போய்விடும். நாமே பறித்து வைத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. இந்தத் தடவை நானும் விடவில்லை. கழி நட்டு, ஆலையின் பழைய சாக்குகளைத் தைத்துத் தார் பூசி, வரிசை நெடுகப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறேன். "படிச்ச பெரிய இன்ஜினியரு பருத்திக்குக் குடை பிடிக்கிறாரு, வந்து பாருங்கடா" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் அப்பா கூப்பிட்டுக் காட்டுகிறார். காட்டிவிட்டு, கழியைப் பிடித்துக்கொள்கிறவரும் அவர்தான்.

இனி நான் செய்யப்போவது:

1. இதை முடித்ததும் படகுத்துறைக்கு ஓடி, ஏழு மணிப் படகில் சேர்த்துவிடுவேன்.

2. இருட்டுவதற்குள் மீதிப் பந்தலையும் போட்டு முடிப்பேன்.

3. காற்று அதைப் பிய்த்தால் திரும்பக் கட்டுவேன். திரும்பப் பிய்த்தால் திரும்பக் கட்டுவேன்.

4. நீ வந்து சேரும்வரை ஒவ்வொரு படகுக்கும் வண்டியோடு நிற்பேன். உன் முகம் எனக்குத் தெரியாது. அம்மா முகத்தைத் தேடுவேன்.

5. உனக்குப் பறிக்கும் பை அம்மா தைத்துவிட்டாள். உனக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், உத்தேசமாக, சின்னதாக மூன்று. நீ பறி அக்கா. நான் ஒரு காயைக்கூடத் தொடமாட்டேன்.