பந்தைப் பார்த்த நடுவர்

அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

சனிக்கிழமை எங்கள் ஆலையின் அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டத்துக்கு நான் நடுவர். கடைசி நிமிடத்தில் பந்தைப் பிடிக்க ஓடியவன் ஹெல்மெட் தரையில் இடிக்க விழுந்தான். அவனைத் தடுக்க ஓடிய, என்னோடு வேலை செய்யும் ட்ரெவர் விதியை மீறி அவனை இழுத்துவிட்டான் என்று தண்டனைக்கான மஞ்சள் கொடியை வீசினேன். அந்தத் தண்டனையால் எதிரணிக்குப் புள்ளி கிடைத்து ட்ரெவரின் அணி தோற்றது.

“எல்லிஸ், நான் இழுக்கலடா. அவனேதான் கால் தடுக்கி விழுந்தான். நீ பந்தை அண்ணாந்து பாத்துட்டு இருந்தே” என்றான்.

“தோத்தவன் எல்லாம் இதைத்தான் சொல்வான், போடா” என்றேன்.

அவன் சொன்னதுதான் சரி. நடுவர் பார்க்க வேண்டியது கைகளை. நான் பந்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தேன்.

தினமும் அவனோடுதான் சாப்பிடுவேன். மூன்று நாளாக வேறு மேசைக்குப் போய்விடுகிறான்.

என் கம்பளிக் கையுறையை அனுப்பு. ஞாயிறு மதியம் போன் செய், வீட்டில்தான் இருப்பேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை என்று அவன் மேசைக்கே போய்ச் சொல்லப் போகிறேன்.

எல்லிஸ்