முற்றத்தைக் கடக்கப் பதினோரு அடி

4 ஜனவரி 1982, திங்கள்

வாடைக்காற்று. ஏரிப் பக்கம் ஒரே பனி, படகு ஒன்றுகூடத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு நோட்டு நாற்பது திருத்த வேண்டும். திருத்தவில்லை.

உம்மா மறுபடி விழுந்தாள்.

வாப்பா மவுத்தாகி எழுபத்தேழாவது நாள். உம்மா இத்தாவில், புருஷன் இறந்த துக்கத் தனிமையில், உள்ளறையில். நாலு மாதம் பத்து நாள் வானத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கக்கூஸோ முற்றத்துக்கு அந்தப் பக்கம். அதனால் அவள் போகும்போதெல்லாம் மாமி இரண்டு முனை, நான் இரண்டு முனை, உம்மா தலைக்கு மேல் போர்வை. மாமி வாப்பாவின் அக்கா. மவுத்து அன்று வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள்.

பதினோரு அடிதான். இன்று ஏழாவது அடியில் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். இடறவில்லை, வழுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நான். இரண்டு கையிலும் போர்வை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமி முதலில் கேட்டது: "போர்வ வெலகிச்சா?"

உம்மாவைத் தூக்கி நிறுத்தினேன். வாயைத் திறந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

முழங்கையில் சிராய்ப்பு மட்டும். இந்த ஒரு மாதத்தில் மூன்றாவது தடவை.

6 புதன்

பள்ளிக்கு லீவு. பொன்னேரி பஸ், நின்றுகொண்டே. உம்மாவை அழைத்துப்போக மாமி விடவில்லை ("இத்தாவுல பஸ்ஸு ஏத்துவியா?"). நோயாளி இல்லாமல் டாக்டரைப் பார்க்கப் போன புண்ணியவதி நான் ஒருத்திதான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கேள்வியாகக் கேட்டாள்.

"தரையிலருந்து எப்படி எழுந்துக்கறாங்க?"

தொடையில் கையை ஊன்றி.

"தொடை வலி? நடக்கறப்ப ரெண்டு பக்கமும் சாயறாங்களா?"

ஆமாம். ஆமாம்.

"வெயில்ல எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. பழவேற்காட்டில் வெயிலுக்கா பஞ்சம்! அப்புறம்தான் யோசித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோஷா. வெளியே போனால் துப்பட்டி. வெயில் விழும் இடம் வீட்டில் அந்த முற்றம் ஒன்றுதான். அதற்கும் இப்போது போர்வை.

மறக்காமல் இருக்க:

– வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, தொடைச் சதையும் பலம் போகும். அதுவாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாதாம்.
– டி மாத்திரை வாரத்துக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. "சீக்கிரம் சரியாவட்டும்னு தெனம் குடுத்துடாதீங்க. அது வேற வியாதில கொண்டு விடும்."
– சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம்.
– கை கால் முகத்தில் வெயில் பட அரை மணி.
– மாத்திரைக்குப் பலன் தெரிய மாதக்கணக்கு ஆகும். சாப்பிட்டதும் விழமாட்டார்கள் என்று நம்பிவிடக் கூடாது. பாசி, படி, இருட்டு எல்லாம் பார்க்க வேண்டும். ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எழுந்திருக்கும்போது சொன்னாள்: "இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்துட்டாங்கன்னா இந்த வயசுல ரொம்பக் கஷ்டம்மா."

பஸ் முழுக்க அதே வார்த்தை. வாப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. உம்மாவும் போனால் எனக்கு யார்?

8 வெள்ளி

முதல் மாத்திரை. பாலோடு. உம்மா என்ன ஏது என்று கேட்காமல் விழுங்கினாள்.

வெயில் பேச்சை எடுத்தேன். மாமி: "இத்தா முடியட்டும். அதுக்குள்ள வெயிலு எங்க ஓடிடப் போவுது?"

அதுவரை எலும்பு தாங்குமா என்று கேட்டேன். "அல்லா பாத்துப்பான்" என்றாள். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கிடந்து நான்தான் கத்துகிறேன். அவளுக்காகத்தானே? ஒரு வார்த்தை பேசினால் என்ன? உம்மா மேல்தான் அதிக ஆத்திரம்.

சாயங்காலம் கக்கூஸ் வாசல் பாசியைச் சுரண்டினேன். நகம் பெயர்ந்தது.

10 ஞாயிறு

காலையில் வைத்த சொம்புத் தண்ணீர் மாலை வரை அப்படியே.

"இன்னாம்மா, தண்ணியே குடிக்கலயா?"

"குடிச்சா போவணும்ல."

நாலு நாளாக இப்படித்தானாம். உதடு வெடித்திருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போல. பக்கத்திலேயே உட்கார்ந்து அரைச் சொம்பு குடிக்கவைத்தேன். பயம்.

போர்வை பிடிக்காதே, கையைப் பிடி என்று மாமியிடம் சொன்னேன். "அப்ப வானத்த யாரு மறைக்கிறது?"

11 திங்கள்

பள்ளி விட்டதும் நேராகப் பள்ளிவாசல் ஹஜரத் வீட்டுக்கு. அவர் பெண்சாதி கதவோரம் நின்று நான் சொல்வதை உள்ளே சொன்னாள். அவர் குரல் இங்கேயே கேட்டது.

"சொந்த வீட்டு முத்தத்துல வானத்தப் பாக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாபுல கீது? வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்கே போவலாம். யாரு சொன்னது இவங்களுக்கு?"

யார் சொன்னதோ. மாமிக்கு அவள் மாமியார் சொல்லியிருப்பாள்.

வந்து சொன்னேன். ஜெயித்துவிட்ட குரலில்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

"நா முழுசா இத்தா இருந்தேன்டி. அவரு மவுத்தானப்ப இருவத்தாறு வயசு எனக்கு. ஒரு நாளு வானத்தப் பாக்கல." கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு: "அப்ப அது எதுக்கு?"

மீதி மீனை நான் கழுவினேன்.

13 புதன்

பொங்கல் லீவு ஆரம்பம். நேற்று முழுக்க உம்மா வெயிலுக்கு வரமாட்டேன் என்றாள். இன்று காலையும். ஹஜரத் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"எனக்குத் தெரியும்டி. எங்க உம்மா இத்தாவுல முத்தத்துலதான் அரிசி பொடச்சிக்கினு இருந்தாங்க."

தெரியுமாம்! இத்தனை நாள் போர்வை, சண்டை, தண்ணீர்ப் பட்டினி. கையை ஓங்காத குறை. "அப்புறம் ஏன்?" என்று கத்திவிட்டேன்.

மெதுவாகச் சொன்னாள். மூன்று வருடமாகவே காலில் பலம் இல்லை. நான் பள்ளிக்குப் போனதும் வாப்பாதான் கையைப் பிடித்து முற்றம் தாண்டிக் கூட்டிப் போவார், திரும்பக் கூட்டி வருவார். நான் வீட்டில் இருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவரு கை இருந்திச்சி. ஒங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்?"

அப்புறம், தலையைக் குனிந்துகொண்டு: "இத்தான்னா யாரும் நடன்னு சொல்ல மாட்டீங்க. அது முடியப் போவுதேன்னுதான் பயம்."

மூன்று வருடம். ஒரே வீடு. என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் நான்?

14 வியாழன்

பனி விலகிப் பத்து மணிக்கு நல்ல வெயில். மாமி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமா, அழுகையா, தெரியவில்லை. தட்டவில்லை.

உம்மா வாசற்படியில் நின்றாள். கண் கூசிற்று, மூடிக்கொண்டாள். முழங்கை வரை துணியை மடித்துவிட்டேன். அவ்வளவு வெளுத்த கை. வலப்பக்கம் நின்று பிடித்தேன். அவள் நகரவில்லை.

"இன்னாம்மா? பயமா கீதா?"

"அங்க இல்ல. அவரு இந்தப் பக்கந்தான் நிப்பாரு."

சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் நின்றேன். காலை எடுத்து வைத்தாள்.