நான் இழக்காத மகன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகள் ஆரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மருமகனும் சிவானிக் குஞ்சும் சுகமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் மூன்று பேருடைய பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் மச்சாள் யோகேஸ்வரியிடம் கொடுத்துவிடுகிறேன். சேலை வாங்க வந்தவள் புதன்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். நீ என் போனை எடுக்கிறாயில்லை. எடுத்த காலத்திலும் நான் ஒரு வசனத்தை முடிக்க முன்னம் "அம்மா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். கிழிப்பதென்றால் முழுவதையும் வாசித்த பிறகு கிழி.

இங்கே ஒரே மழை. காலி வீதியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. லிஃப்ட் மறுபடியும் பழுது. கீழ்வீட்டு ஹபீஸ் சந்தைக்குப் போனால் எனக்கும் மீன் வாங்கிக்கொண்டு வந்து, மேலே ஏறித் தந்துவிட்டுப் போகிறார். நீ அனுப்பிய முழங்கால் பட்டியைப் போடுகிறேன். மருந்தும் ஒழுங்காகக் குடிக்கிறேன். அதெல்லாம் குறைவில்லை.

நீ சொன்னபடி இங்கிலீஷ் வகுப்புக்கும் போகிறேன். "பேத்தியோட கதைக்க வேணுமெண்டா இங்கிலீஷ் படியுங்கோ அம்மா" என்றாய். பேத்திக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது இதைவிட லேசில்லையா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வகுப்பு ஒரு புடவைக்கடைக்கு மேலே. படிப்பிக்கிறவள் றேணுகா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. உன்னைவிட இளையவள். லண்டனுக்குக் கலியாணம் பேசி விசாவுக்காகப் படிக்கிற பெட்டைகள்தான் கூடுதல். வயது போனவர்கள் என்றால் நானும், சிட்னியில் இருக்கிற மகனிடம் போகப்போகிற இராசரத்தினம் ஐயாவும் அவருடைய மனைவியும்.

றேணுகாவின் வழி வேறு. இலக்கணம் என்று உயிரை எடுக்கமாட்டாள். ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல். அதை எந்தெந்தப் பெயர்ச்சொல்லோடு வெள்ளைக்காரன் சேர்க்கிறான் என்று பலகையில் எழுதுவாள். 'மேக்' என்றால் தேத்தண்ணி போடுவதும் மேக், படுக்கை விரிப்பதும் மேக், பிழை விடுவதும் மேக். இராசரத்தினம் ஐயா, "அப்ப நான் கலியாணம் முடிச்சதும் அந்த மூண்டாவது மேக்தான்" என்றார். அவருடைய மனைவி அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. நான்கூடச் சிரித்தேன், மகள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு வகுப்பறையில் இருந்து சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் 'லூஸ்' என்று எழுதினாள். பெட்டைகள் ஒருத்தியை ஒருத்தி காட்டி, "இவள்தான் மிஸ் லூஸ்" என்று சிரித்தார்கள். அது வேறு லூஸ், இது வேறு என்று சொல்லிவிட்டு அவள் எழுதிக்கொண்டு போனாள். கதவுத் திறப்பைத் தொலைத்தால் லூஸ். வழி தவறினாலும் அதே சொல். விளையாட்டில் தோற்றால், உடம்பு மெலிந்தால், வேலை பறிபோனால், எல்லாவற்றுக்கும் லூஸ்தான். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் வைத்திருக்கிறோம். இவர்களுக்கு எல்லாத் துக்கத்துக்கும் ஒரு சட்டைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியாக றேணுகா மனிதரைச் சேர்த்தாள். அம்மா, அப்பா, புருஷன், சகோதரம். "ஐ லொஸ்ட் மை பாதர்" என்று எழுதிவிட்டு, "எண்டா, அப்பா மோசம் போயிட்டார்" என்று சொன்னாள்.

எனக்கு விளங்கவில்லை. கையை உயர்த்தினேன். "தொலைஞ்சு போனார், தேடுறம் எண்டு அர்த்தம் இல்லையோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. தேடுறதெண்டா மிஸ்ஸிங் எண்டு சொல்லுவினம். ஆளுக்கு லொஸ்ட் எண்டு சொன்னா முடிஞ்சுது. செத்துப் போச்சினம்."

அவள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை.

ஆனி மாதம் சிவானி பள்ளிக்கூடத்துக்குக் குடும்பப் படம் கீறி போனில் எனக்குக் காட்டினாள். நினைவிருக்கிறதா? நான் இருந்தேன், மருமகன் இருந்தார், நீ இருந்தாய். உனக்குப் பக்கத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. விரலை அதில் வைத்துக்கொண்டு, "மம்மி லொஸ்ட் ஹேர் பிரதர்" என்றாள். அண்ணாவைத் தொலைத்துவிட்டோம் என்று நீ அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய் என்றுதான் நான் எடுத்தேன். குடையைப் பஸ்ஸில் விட்டதைப்போல, எங்கேயோ விட்டுவிட்டோம், தேடுகிறோம் என்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆரணி. என் மகள் மறைக்காமல் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். "யெஸ், யெஸ். வீ லுக். வீ பைண்ட்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பிள்ளை திரும்பி உன் முகத்தைப் பார்த்தது. நீ போனை வாங்கி, அங்கே வெயில் எரிக்கிறது என்று கதைக்கத் தொடங்கினாய்.

அந்தப் பார்வை ஏனென்று புடவைக்கடைக்கு மேலே இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த வகுப்பில் லூஸ் போட்டு ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னாள் றேணுகா. ஒருத்தி பேர்ஸைத் தொலைத்தாள். இராசரத்தினம் ஐயா கிரிக்கெட்டில் தோற்றார். என் முறை வந்தது. "ஐ லொஸ்ட் மை ஹஸ்பண்ட்" என்றேன். அது சரி. அப்பாவின் தலைமாட்டில் நான் இருந்தேன். கடைசிப் பால் நான்தான் பருக்கினேன். கொள்ளி வைக்க மகன் இல்லாமல் பெரியப்பாவின் பேரன் கனத்தைச் சுடலையில் வைத்தான். அந்த மனிதரை நான் இழந்துவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு, "ஐ டிட் நொட் லூஸ் மை சன்" என்றேன்.

"வசனம் சரிதானே, பிள்ளை?" என்று கேட்டேன். "சரி அன்ரி" என்றாள் றேணுகா. பலகைப் பக்கம் திரும்பினாள், ஆனால் ஒன்றும் எழுதவில்லை. வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனைக்காரிக்குக் கேட்கத் தேவையில்லை.

நீயும் பார்த்தாய், ஆரணி. எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுப் படியில், என் சேலையைப் பிடித்துக்கொண்டு நீ எனக்குப் பின்னால் நின்றாய். அண்ணா சலூனுக்குப் போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். வான் வண்டியில் வந்தவர்கள் என்னை "அம்மே" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன விசாரணை, உடனே அனுப்பிவிடுவோம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். அவன் கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனான். "பயப்படாதேங்கோ அம்மா, வாறன்" என்றான். சந்தியில் சனம் நின்றது. கடைகள் திறந்திருந்தன. இதில் நானும் நீயும் எதைத் தொலைத்தோம்?

எங்கள் தமிழும் பெரிய யோக்கியமில்லை. முதலில் அவனைப் போன்றவர்களைக் 'காணாமல் போனோர்' என்று எழுதினார்கள். தாங்களாகவே எங்கேயோ போன மாதிரி. அப்படி எழுதாதீர்கள், 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்று கேட்டு நாங்கள் தாய்மார் வெயிலில் நின்றோம். ஒரு சொல்லை மாற்றுவதற்காக நின்று நின்று சிலர் செத்தும் போனார்கள். கடைசியில் அந்தச் சொல் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதை நீ ஒரு நாலெழுத்து இங்கிலீஷுக்குக் கொடுத்துவிட்டாய்.

யோகேஸ்வரி இரண்டு கிழமைக்கு முன்னம் என்னைப் பார்க்க வந்தாள். உங்கள் புது வீட்டுக் குடிபூரல் படங்களைப் போனில் காட்டினாள். வீடு வடிவாக இருக்கிறது. ஹோலில் ஒரு சுவரில் அப்பாவின் படம். பக்கத்தில் உன் அண்ணா கார்த்திகன். இரண்டுக்கும் சந்தன மாலை, கீழே சிவப்பு விளக்கு. கம்பஸுக்குப் படிக்க எடுபட்டபோது எடுத்த படம்; இங்கே அலமாரியில் இருக்கிற அதே படம். "அண்ணாவின்ரை திவசத்தையும் மாமாவின்ரையோட சேர்த்துத்தான் செய்யினம் அன்ரி, ஐயர்தான் நாள் குறிச்சுக் குடுத்தவர்" என்றாள். எனக்குத் தெரியாதென்று அவளுக்குத் தெரியாது. அவளோடு கோபிக்காதே. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, சேலைகளைப் பார்த்து, அந்தப் பச்சை உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

இறந்த நாள் தெரியாத பிள்ளைக்கு ஐயர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தபோது சிவானி போனை எடுத்தாள். நான் சொன்னதை நீ பாதியில்தான் கேட்டாய். முழுவதையும் எழுதுகிறேன். "சிவானி, யுவர் மாமா நொட் லொஸ்ட். மென் கேம். தே ரூக் ஹிம்" என்றேன். ரூக், அதாவது எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை றேணுகாவிடம் முதலே கேட்டு வைத்திருந்தேன். பஸ் எடுப்பது, மருந்து எடுப்பது, படம் எடுப்பது எல்லாவற்றோடும் சேர்கிற சொல் ஆளோடும் சேருமா என்று கேட்டேன். "சேரும் அன்ரி" என்றாள்.

பிள்ளை அழவில்லை. பயப்படவும் இல்லை. "ஹூ?" என்று கேட்டது.

இத்தனை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் உன்னுடைய மகள்தான். அப்பா கேட்காமல் போய்ச் சேர்ந்தார். உறவுக்காரர் எல்லாரும், "கடவுள் விட்ட வழி" என்றார்கள். நீயும் முதலில் என்னோடு எல்லா இடமும் வந்தாய், எந்த அரசாங்கக் கந்தோர் வாசலிலும் நின்றாய். பிறகு வருவதை நிறுத்திவிட்டாய். நான் பிள்ளைக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்க முன்னம் நீ வந்து போனைப் பறித்தாய். "பிள்ளையை வெருட்டாதேங்கோ அம்மா, இரவில நித்திரை கொள்ளமாட்டாள்" என்று கத்தினாய். அன்றிலிருந்து போனும் இல்லை.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அப்படி எழுதினால் பொய். குற்றம்தான் சொல்கிறேன். உனக்கும் நித்திரை வேண்டும், உன் வீட்டில் ஒரு முடிவு வேண்டும் என்பது எனக்கு விளங்காமலில்லை. அந்த முடிவை என்னைக் கேட்காமல் எடுத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளைக்குத் திவசம்.

அவன் இருக்கிறான் என்று நம்புகிறீர்களா அம்மா என்று நீ கேட்பாய். கேட்காதே. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது. ஆனால் ஒன்று தெரியும். செத்துவிட்டான் என்று நாங்களே சொல்லிவிட்டால், கொண்டுபோனவர்கள் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு அதுதான் வேண்டும். அதை என் மகளே தன் வீட்டுச் சுவரில் மாட்டிக் கொடுத்திருக்கிறாள்.

மார்கழியில் வந்து எங்களோடு நில்லுங்கள் என்று மருமகன் கேட்டிருந்தார். அவர் நல்ல பிள்ளை, அவருக்கு என் அன்பைச் சொல். மாலை போட்ட மகனுக்கு முன்னால் இருந்து என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. அதனால் வரமாட்டேன். டிக்கெட் போட்டிருந்தால் மாற்றிவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனுடைய மாலையைக் கழற்று. விளக்கை அப்பாவுக்கு மட்டும் வை. படத்தை எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம். மற்றச் சுவரில் உங்கள் கலியாணப் படமும் சிவானியின் பிறந்தநாள் படமும் இருக்கின்றன, யோகேஸ்வரியின் போனில் கண்டேன். அந்தச் சுவரில் கொண்டுபோய் அவனை மாட்டு. சிவானி யார் என்று கேட்டால், "என்ரை அண்ணா" என்று சொல். அதற்கு மேல் சொல்ல உனக்கு வராவிட்டால் விடு. நான் சொல்கிறேன், என்னைக் கதைக்க விடு.

குளிருக்குக் கவனமாக இரு. பிள்ளைக்குத் தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே.

எனக்குக் கடவுள் தந்தது இரண்டு பிள்ளைகள். நீங்கள் இரண்டு பேரும், எங்கே இருந்தாலும், ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

உங்கள் இருவரின் அம்மா,
நேசமலர்